ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு வரும் வெறுமை: ‘இன்டகிரேட்டிவ் தெரபி’ எப்படி உதவுகிறது?

பணி நிறைவு விழா நன்றாகத்தான் நடந்திருக்கும். சந்தன மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம். ஆளுக்கு ஐந்து நிமிடம் புகழ்ந்து பேசியிருப்பார்கள். ‘இனிமே ஜாலிதான் சார், நிம்மதியா இருங்க’ என்று வாழ்த்தி, வீடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

முதல் இரண்டு மாதங்கள் திருப்பதி, ராமேஸ்வரம், பெண் வீடு, சம்பந்தி வீடு என்று ஓடிவிடும். மூன்றாவது மாதத்தில்தான் சிக்கல் எட்டிப் பார்க்கும். அதிகாலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தாலும் மணி ஒன்பதரைதான் ஆகியிருக்கும். சமையலறையில் ‘இவ்வளவு எண்ணெய் எதுக்கு?’ என்று ஆரம்பிக்கும் பேச்சு சண்டையில் முடியும். மகன் ஒரு கேள்வி கேட்டால், ‘என்னை இந்த வீட்ல யாரும் மதிக்கிறதில்ல’ என்று பதில் வரும்.

‘வயசாயிடுச்சு, அதான்’ என்பார்கள் வீட்டில். ‘சும்மா இருந்தா இப்படித்தான், எங்கயாவது ஒரு வேலைக்குப் போங்க’ என்பார்கள் நண்பர்கள். ‘மனசு சரியில்லையோ?’ என்று கேட்பவர்கள் குறைவு. உளவியலாளர்கள் இதை ‘வாழ்க்கை மாற்றம்’ என்ற தலைப்பில் வைத்துப் பேசுகிறார்கள். இதற்கு உதவும் வழிகளில் ஒன்றுதான் ‘இன்டகிரேட்டிவ் தெரபி’ எனப்படும் ஒருங்கிணைந்த உளவியல் சிகிச்சை. அது என்ன, யாருக்கு உதவும், யாரிடம் போக வேண்டும்? பார்ப்போம்.

ஓய்வு பெறுவது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம். 1967-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களான தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். மனிதர்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போடும 43 நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தனர். துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73, திருமணத்துக்கு 50, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, ஓய்வு பெறுவதற்கு 45. அதாவது, வேலை பறிபோவதும் மாலை போட்டு அனுப்பிவைக்கப்படுவதும் மனதுக்கு ஏறக்குறைய ஒரே சுமைதான். திருமணமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். கெட்டது மட்டும்தான் மனதை உலுக்கும் என்றில்லை, நல்லதும் உலுக்கும்.

இன்னொரு விஷயம், மனச்சோர்வு ஏன் முதல் நாளே வருவதில்லை? அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1976-ல் இதைக் கட்டம் கட்டமாக விளக்கினார். முதலில் ‘தேனிலவு’ காலம்: ஊர் சுற்றுவது, தள்ளிப்போட்ட வேலைகளை முடிப்பது. அடுத்தது ஏமாற்றக் காலம்: ‘அவ்வளவுதானா?’ என்ற கேள்வி எழும் நேரம். அதற்குப் பிறகு வாழ்க்கையைத் திரும்ப அடுக்கிக்கொள்வது, கடைசியாக நிலைபெறுவது. எல்லோரும் எல்லாக் கட்டத்தையும் கடப்பதில்லை. பலருக்கு ஓய்வு உண்மையிலேயே நிம்மதியாக அமைகிறது. ஆனால் இரண்டாவது கட்டத்திலேயே மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. விருப்பமில்லாமலோ உடல்நலக் குறைவாலோ வேலையை விட்டவர்கள் இதில் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. தேதி முன்கூட்டியே தெரிந்தாலும் மனம் தயாராகிவிடுவதில்லை. வில்லியம் பிரிட்ஜஸ் என்ற எழுத்தாளர் 1980-ல் சொன்ன வேறுபாடு இங்கே பொருந்தும். மாற்றம் வெளியே ஒரே நாளில் நடந்துவிடும். அதை மனம் ஏற்பதற்கு மாதக் கணக்கில் ஆகும். பழையது முடிந்து, புதியது இன்னும் தொடங்காத அந்த இடைவெளிதான் ரொம்பக் கஷ்டமானது.

எது சாதாரணம், எது பிரச்சினை?

சில வாரங்கள் வெறுமையாக உணர்வது இயல்புதான். அதற்கெல்லாம் சிகிச்சை தேவையில்லை. ஆனால் அந்த மாற்றத்தைப் பற்றியே ஓயாமல் யோசிப்பது, தூக்கம் கெடுவது, குடும்பத்திலும் வெளியிலும் இயங்க முடியாமல் போவது என்று வந்தால் அது வேறு. உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11 இதை ‘அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர்’ (தகவமைப்புக் கோளாறு) என்று குறிப்பிடுகிறது. பொதுவாக நிகழ்வு நடந்து ஒரு மாதத்துக்குள் தொடங்கும். நெருக்கடி நீங்கினால் 6 மாதங்களுக்குள் தணிந்துவிடும்.

மனச்சோர்வு நோய் இன்னும் ஒரு படி மேலே. எதிலும் நாட்டமின்மையோ, தீராத சோகமோ, நாளின் பெரும்பகுதி நேரம், தினமும், குறைந்தது இரண்டு வாரங்களுக்கு நீடித்தால், அதோடு பசி, தூக்கம், கவனம் எல்லாம் பாதிக்கப்பட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அறுபது வயதில் இன்னொன்றும் முக்கியம். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு போன்றவையும் மனச்சோர்வு மாதிரியே காட்டும். அதனால் நல்ல சிகிச்சையாளர்கள் பலர் முதலில், ‘ரத்தப் பரிசோதனை எடுத்து எவ்வளவு நாளாச்சு?’ என்றுதான் கேட்பார்கள்.

இன்டகிரேட்டிவ் தெரபி என்றால் என்ன?

உளவியல் சிகிச்சையில் பல பள்ளிகள் உண்டு. சிக்மண்ட் பிராய்டு வழி வந்தவர்கள் கடந்த காலத்தையும் ஆழ்மனதையும் தோண்டுவார்கள். நடத்தை சிகிச்சையாளர்கள், ‘இன்னைக்கு என்ன செஞ்சீங்க?’ என்பதில் தொடங்குவார்கள். 1960-களில் ஆரோன் பெக் உருவாக்கிய வழி, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும். இன்று சிபிடி என்று அழைக்கப்படுவது அதன் வளர்ச்சிதான். கார்ல் ரோஜர்ஸ், தீர்ப்பு சொல்லாமல் முழுமையாகக் கேட்பதே சிகிச்சையின் அடித்தளம் என்றார்.

பல ஆண்டுகள் இந்தப் பள்ளிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஆனால் 1936-லேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கேள்வியை எழுப்பினார்: இவ்வளவு வேறுபட்ட முறைகளும் பலன் தருகின்றன என்றால், அவற்றுக்குள் பொதுவாக ஏதோ ஒன்று வேலை செய்கிறதோ? 1977-ல் பால் வாக்டெல், ஆழ்மனப் பகுப்பாய்வையும் நடத்தை சிகிச்சையையும் இணைத்து ஒரு புத்தகமே எழுதினார். 1983-ல் இந்த இணைப்பை ஆராய்வதற்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம் உருவானது.

இன்டகிரேட்டிவ் தெரபி இந்த வரலாற்றிலிருந்து வந்ததுதான். ஒரே முறையை எல்லோருக்கும் போட்டுப் பார்க்காமல், வந்திருப்பவருக்கு எது, எந்த நேரத்தில் பொருந்துமோ அதைத் தேர்ந்தெடுத்து, ஒரு திட்டத்துக்குள் கோத்துத் தருவது. கையில் கிடைத்ததையெல்லாம் கலந்துகட்டி அடிப்பது இல்லை. ‘ஏன் இது? ஏன் இப்போது?’ என்று கேட்டால் சிகிச்சையாளரிடம் பதில் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் ஆந்தனி ரைல் உருவாக்கிய ‘காக்னிட்டிவ் அனலிட்டிக் தெரபி’ இதற்கு ஓர் உதாரணம். வழக்கமாக 16 அமர்வுகள். தொடக்கத்தில், தான் புரிந்துகொண்டதைச் சிகிச்சையாளர் ஒரு கடிதமாக எழுதி, வந்தவரிடம் வாசித்துக் காட்டுவார். முடியும்போது இருவரும் விடைபெறும் கடிதங்கள் எழுதிக்கொள்வார்கள்.

அறைக்குள் என்னதான் நடக்கும்?

புரிதலுக்காக ஒரு கற்பனை உதாரணம். வருவாய்த் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதங்களாகச் சரியான தூக்கமில்லை. போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறார்; பெரும்பாலும் கடன் வேணுமா என்று கேட்கும் அழைப்பு. மகள் வற்புறுத்தி அழைத்து வந்திருக்கிறார். ‘எனக்கு ஒண்ணும் இல்ல, இவ சொன்னான்னு வந்தேன்’ என்றுதான் ஆரம்பிக்கிறார்.

*முதல் இரண்டு அமர்வுகள்: கேட்பது.* இங்கே ரோஜர்ஸ் வழி. அறிவுரை கிடையாது. வேலையில் சேர்ந்த கதை, குடும்பம், உடல்நலம், குடி, தற்கொலை எண்ணம் உண்டா என்பது வரை எல்லாம் கேட்கப்படும். கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. கேட்பதால் எண்ணம் உருவாவதில்லை. சிறு வயதில் அப்பா இறந்தது, குடும்பத்தில் முதல் அரசு வேலை தன்னுடையது என்று அவர் சொல்லும்போது, அந்த வேலை அவருக்குச் சம்பளம் மட்டுமல்ல என்பது தெரியவரும்.

*அடுத்த சில வாரங்கள்: நாளைத் தூக்கி நிறுத்துவது.* மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பவரிடம் பால்ய காலத்தைத் தோண்டுவதில் பலனில்லை. அதனால் முதலில் நடத்தை சிகிச்சை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடும் இரண்டு மணி நேரத் தூக்கத்தைக் குறைப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது. நாளுக்கு இரண்டு வேலைகள் எழுதிக்கொள்ள வேண்டும்: ஒன்று பிடித்தது, இன்னொன்று முடித்தால் திருப்தி தருவது. முடித்ததும் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். ‘மனசு சரியானா நடக்கப் போறேன்’ என்பதைத் திருப்பிப் போடுவதுதான் இது. நடக்கப் போனால் மனசு கொஞ்சம் சரியாகும்.

*பிறகு, எண்ணத்தைச் சோதிப்பது.* ‘ஆபீஸ்லேர்ந்து ஒருத்தனும் போன் பண்ணல. அப்ப எனக்கு இருந்த மதிப்பெல்லாம் நாற்காலிக்குத்தான்.’ இந்த எண்ணத்தைச் சிகிச்சையாளர் பொய் என்று மறுப்பதில்லை. யாரெல்லாம் கூப்பிடவில்லை, யார் கூப்பிட்டார்கள், நீங்கள் யாரைக் கூப்பிட்டீர்கள் என்று பட்டியல் போடச் சொல்வார். எண்ணத்தில் பாதி உண்மையாகவே இருக்கலாம். மீதிப் பாதியில்தான் மூச்சு விட இடம் கிடைக்கும்.

*நடுப்பகுதி: பழைய பாத்திரத்துக்கு விடை கொடுப்பது.* இது ‘இன்டர்பர்சனல் தெரபி’ என்ற முறையிலிருந்து வருவது. ஜெரால்டு கிளெர்மன், மிர்னா வைஸ்மன் ஆகியோர் மனச்சோர்வுக்காக உருவாக்கியது. வாழ்க்கையில் ஒருவருடைய பாத்திரம் மாறுவதையே சிகிச்சையின் முக்கிய இலக்குகளில் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் முறை இது. போன வேலையின் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பேச வைப்பார்கள். ஆபீஸை இப்போது சொர்க்கமாக நினைப்பவர், தேர்தல் பணி இரவுகளையும், இடமாறுதலில் தனியாக அறை எடுத்துத் தங்கிய வருடங்களையும், மகளின் ஆண்டு விழாவுக்குப் போக முடியாததையும் நினைவுகூர்வார். ஆபீஸ் சொர்க்கம், வீடு சிறை என்ற கணக்கு அப்போது கொஞ்சம் தளரும்.

இப்போதுதான் அப்பாவைப் பற்றிய பேச்சுக்கு இடம் வருகிறது. ‘சம்பாதிக்காத ஆம்பளைக்கு வீட்ல என்ன மரியாதை?’ என்ற வரி யாருடையது? எப்போது மனதில் ஏறியது? கடந்த காலத்தைத் தோண்டும் பள்ளியின் பங்கு இங்கே.

*ஓர் அமர்வு: மனைவியும் கூட.* குடும்ப சிகிச்சையின் அணுகுமுறை இது. கணவரின் ஓய்வு மனைவிக்கும் ஒரு வாழ்க்கை மாற்றம் என்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ‘காலையில எல்லாரும் போனப்புறம் பதினொரு மணிக்கு எனக்குன்னு ஒரு மணி நேரம் இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு. மூணாவது காபி போட்டுட்டு இருக்கேன்’ என்று அவர் அறையில் வாய்விட்டுச் சொல்வதே ஒரு திருப்பமாக இருக்கும். அவருக்கு ரிட்டயர்மென்ட் என்ற ஒன்றே கிடையாது என்பது கணவருக்கு உறைக்கும். காபியை யார் போடுவது, எந்த நேரம் யாருடையது என்று சின்னச் சின்ன ஒப்பந்தங்கள் போடப்படும்.

*கடைசி அமர்வுகள்: அடுத்தது என்ன?* ஆபீஸில் உங்களுக்கு எது நிறைவு தந்தது? பதவியா, மனு எடுத்து வந்தவருக்கு வேலையை முடித்துக் கொடுத்ததா? இரண்டாவது என்றால், அதைச் செய்ய அரசு நாற்காலி வேண்டியதில்லை. தெருவில் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் இருப்பார்கள்.

யோகா, மாத்திரை எல்லாம் இதில் வருமா?

‘இன்டகிரேட்டிவ்’ என்றதும் சித்த மருத்துவம், யோகா, அலோபதி மூன்றும் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது ‘இன்டகிரேட்டிவ் மெடிசின்’, வேறு விஷயம். இங்கே இணைக்கப்படுவது உளவியல் முறைகள். மூச்சுப் பயிற்சி, மனதை நிகழ்காலத்தில் நிறுத்தும் பயிற்சிகளைச் சில சிகிச்சையாளர்கள் துணையாகச் சேர்ப்பார்கள்.

மனச்சோர்வு தீவிரமாக இருந்தால் மாத்திரை தேவைப்படலாம். அதை எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை. உளவியலாளர் மருந்து எழுத முடியாது. இரண்டும் ஒன்றாகவே போகலாம். ‘தெரபி ஆரம்பிச்சுட்டேன், இனி மாத்திரை வேண்டாம்’ என்று தானாக நிறுத்துவது ஆபத்து.

இது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. சிபிடி, இன்டர்பர்சனல் தெரபி போன்றவற்றுக்குத் தனித்தனியாக நிறைய ஆய்வுகள் உள்ளன. ஒருங்கிணைந்த சிகிச்சை ஆளுக்கு ஆள் மாறுவதால், அதை ஒரே அச்சில் வைத்துச் சோதிப்பது கடினம். அந்த அளவுக்கு அதன் ஆதாரம் மெலிந்ததே.

ஆனால் எந்தப் பள்ளியாக இருந்தாலும் திரும்பத் திரும்ப உறுதியாகும் ஒன்று உண்டு: சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையிலான நம்பிக்கை. 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை, 30,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அந்த உறவு வலுவாக இருக்கும் இடத்தில் பலனும் கூடுதலாக இருந்தது. வேறுபாட்டில் சுமார் 8 சதவீதத்தை இந்த உறவு விளக்குகிறது. கேட்பதற்குச் சின்ன எண். உளவியல் சிகிச்சை ஆய்வில் இது சின்னதல்ல.

பணக் கவலையைத் தெரபி தீர்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். தனியார் துறையினருக்கான இபிஎஸ்-95 திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்தத் தொகையை நம்பி இருப்பவரின் பயம் வெறும் ‘எதிர்மறை எண்ணம்’ அல்ல. நல்ல சிகிச்சையாளர் அதை எண்ணக் கோளாறாகப் பார்க்க மாட்டார். என்ன வழி இருக்கிறது என்று கூட உட்கார்ந்து யோசிப்பார்.

யாரிடம் போவது? என்ன கேட்பது?

பொதுவாக வாரம் ஒரு முறை, 45 முதல் 50 நிமிடங்கள். வாழ்க்கை மாற்றம் சார்ந்த சிக்கலுக்கு 12 முதல் 16 அமர்வுகள் என்பது பல முறைகளில் வழக்கம். கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் உதவி பெறலாம்.

‘லைஃப் கோச்’ என்று போர்டு வைக்கத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. எனவே தகுதியைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம். மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ்-க்குப் பிறகு மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு இருக்க வேண்டும்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்:

- நீங்கள் எந்தெந்த முறைகளில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள்?
- என் பிரச்சினையை எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்? திட்டம் என்ன?
- முன்னேற்றம் இருக்கிறதா என்பதை எப்போது, எப்படிப் பார்ப்போம்?
- நான் சொல்வது ரகசியமாக இருக்குமா? எந்தச் சூழலில் இருக்காது?

‘நாலே சிட்டிங்ல முழுசா சரியாக்கிடுறேன்’ என்று உத்தரவாதம் தருபவரிடமிருந்தும், எல்லோருக்கும் ஒரே பேக்கேஜை விற்பவரிடமிருந்தும் விலகி நிற்பது நல்லது. நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் அதை நேரடியாகச் சொல்லலாம். சிகிச்சையாளரை மாற்றவும் செய்யலாம்.

குடும்பம் என்ன செய்யலாம்?

‘சும்மாதானே இருக்கீங்க’ என்ற வார்த்தையை வீட்டிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு நாளைக்குப் பத்து முறை வரும் வார்த்தை அது. பேரக் குழந்தையைப் பள்ளியில் விடுவது, கரன்ட் பில் கட்டுவது எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவதும் தீர்வு இல்லை, ‘செய்ய முடியுமாப்பா?’ என்று கேட்டுக் கொடுப்பது வேறு, தள்ளிவிடுவது வேறு. ‘டாக்டரைப் பாருங்க’ என்பதைவிட, ‘தூக்கம் சரியில்லன்னு சொன்னீங்களே, நானும் வரேன், ஒருதடவை பார்த்துட்டு வருவோம்’ என்பது எளிதாக உள்ளே போகும். பெரியவர்கள் பலர் சோகம் என்று சொல்ல மாட்டார்கள். தூக்கம், தலைவலி, வயிறு என்றுதான் சொல்வார்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

‘நான் இருந்து என்ன பயன்?’ என்பது போன்ற பேச்சு, தினமும் குடிக்க ஆரம்பிப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, திடீரென்று சொத்துப் பத்திரங்களை ஒப்படைத்து விடைபெறுவது போலப் பேசுவது, புதிதாக வரும் மறதி: இவற்றில் எது தெரிந்தாலும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் இருந்தால் அவரைத் தனியாக விடக் கூடாது.

மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. ‘வீட்ல அப்பா இப்படி இருக்கார், என்ன பண்றது?’ என்று பிள்ளைகளும் கேட்கலாம்.